மின் உணவுச் சீவி

மின் உணவுச் சீவி என்பது ரொட்டி, பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, காய்கறி முதலிய உணவுப் பொருட்களை ஒரே தடிமனுள்ள சீவல்களாக அறுக்கும் மின் சமையலறைக் கருவி ஆகும். மின்னோடியால் சுழலும் வட்டக் கத்தி, உணவைக் கத்தியை நோக்கி நகர்த்தும் தட்டு, சீவலின் தடிமனை வரையறுக்கும் அளவுத் தகடு ஆகிய மூன்றும் இதன் முதன்மை உறுப்புகள். இறைச்சிக் கடைகளுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கப்பட்ட கையியக்கப் பொறியே இதன் முன்னோடி. பிற்காலத்தில் இதன் சிறிய வடிவங்கள் வீடுகளுக்கும் வந்தன.

வீட்டுச் சீவிகள் விலையிலும் தரத்திலும் பெரிதும் வேறுபடுகின்றன. மலிவான ஒன்றைத் தெரிவு செய்பவர் கத்தியின் அளவு, தொடர்ந்து இயக்கக்கூடிய நேரம், அளவுத் தகட்டின் உறுதி, கழற்றித் துப்புரவு செய்யும் வசதி, விரற்காப்பு ஆகியவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். இவற்றுள் கடைசி இரண்டும் நேரடியாக உடல்நலத்தோடு தொடர்புடையவை. சரியாகத் துப்புரவு செய்யப்படாத சீவி நோய்க்கிருமிகளைப் பரப்பக்கூடும். விரற்காப்பு இன்றி இயக்கப்படும் சீவி கடுமையான வெட்டுக்காயங்களை ஏற்படுத்தக்கூடும்.

பெயர்

தமிழில் சீவுதல் என்னும் வினை ஒரு பொருளின் பரப்பிலிருந்து மெல்லிய பகுதியை அறுத்து எடுத்தலைக் குறிக்கும். பென்சில் சீவுதல், இளநீர் சீவுதல் ஆகிய வழக்குகளும், வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் பாக்குச் சீவல் என்னும் சொல்லும் இவ்வினையிலிருந்து வந்தவை. ஆங்கில வழியாக ஸ்லைசர் என்னும் பெயரும் வழக்கில் உள்ளது. ஜெர்மன் மொழியில் வீட்டுச் சீவியை அல்லெஸ்ஷ்னைடர் என்பர். எல்லாவற்றையும் அறுப்பது என்பது இதன் பொருள். ஆயினும் எலும்பு, கொட்டை, உறைந்து கல்லாகிய இறைச்சி ஆகியவற்றை இக்கருவியால் அறுக்க முடியாது.

வரலாறு

நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் இறைச்சி வணிகராக இருந்த வில்லெம் வான் பெர்க்கல் 1898ஆம் ஆண்டில் இறைச்சி சீவும் பொறியை உருவாக்கி, அதே ஆண்டில் அதனைத் தயாரிக்கும் தொழிற்சாலையையும் நிறுவினார். தேர்ந்த இறைச்சி வணிகர் கத்தியை முன்னும் பின்னும் இழுத்து அறுக்கும் முறையைப் பொறியால் செய்விப்பதே அவரது நோக்கம். சுழலும் குழிவான வட்டக் கத்தியும், அதனை நோக்கி இறைச்சியைக் கொண்டு செல்லும் நகர்தட்டும் அவரது பொறியில் இடம்பெற்றன. கையால் சுழற்றப்படும் பெரிய உருள்சக்கரம் இரண்டையும் ஒருங்கே இயக்கியது. மின்னோடிகள் பரவலான பின்னர் உருள்சக்கரத்தின் இடத்தை அவை பிடித்தன. எனினும் வட்டக் கத்தி, நகர்தட்டு, அளவுத் தகடு என்னும் அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

ரொட்டி சீவும் பொறி தனி வழியில் வளர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஓட்டோ ரோவெடர் ஒரு முழு ரொட்டியை ஒரே தடவையில் சீவும் பொறியை வடிவமைத்தார். 1928 சூலை மாதத்தில் மிசூரி மாநிலத்தின் சில்லிகோத்தி நகரில் இருந்த ரொட்டிச் சாலை ஒன்று இப்பொறியால் சீவிய ரொட்டியை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943 சனவரியில் சீவிய ரொட்டியின் விற்பனை அந்நாட்டில் தடை செய்யப்பட்டது. மக்களின் கடும் எதிர்ப்பை அடுத்து அதே ஆண்டு மார்ச் மாதத்தில் தடை நீக்கப்பட்டது.

ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் கெட்டியான மேலோடுடைய ரொட்டியை முழுதாக வாங்கி, வீட்டில் வேண்டியபோது சீவி உண்ணும் வழக்கம் உள்ளது. இதனால் அங்கு வீட்டுச் சீவி பரவலான சமையலறைக் கருவியாயிற்று. கிரேஃப், ரிட்டர் முதலியவை வீட்டுச் சீவிகளைத் தயாரிக்கும் ஜெர்மானிய நிறுவனங்கள். வட அமெரிக்காவில் கடையிலேயே இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் சீவித் தரும் வழக்கம் வலுவாக இருந்தமையால், வீட்டுச் சீவி அங்கு அவ்வளவு இன்றியமையாததாக ஆகவில்லை.

அமைப்பும் இயங்குமுறையும்

பழுத்த தக்காளியின் மீது கத்தியை வைத்து நேராக அழுத்தினால் தக்காளி நசுங்கும். அதே கத்தியை இலேசாக அழுத்தி இழுத்தால் தோல் எளிதில் அறுபடும். கத்தியின் விளிம்பு பொருளின் மீது வழுக்கிச் செல்லும்போது, அறுப்பதற்குத் தேவையான அழுத்தம் குறைகின்றது. உணவுச் சீவியின் செயற்பாடு இந்த அடிப்படையில் அமைந்தது. வட்டக் கத்தியின் சுழற்சி இழுக்கும் வேலையைச் செய்கின்றது. உணவை மெதுவாக முன்தள்ளுவது மட்டுமே கையின் வேலை. 17 சென்டிமீட்டர் விட்டமுள்ள கத்தியின் சுற்றளவு ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். அது நிமிடத்திற்கு 100 முறை சுழல்வதாகக் கொண்டால், அந்த ஒரு நிமிடத்தில் 53 மீட்டர் நீளமான விளிம்பு உணவின் மீது வழுக்கிச் செல்கின்றது. மென்மையான உணவும் நசுங்காமல் அறுபடுவதற்கு இதுவே காரணம். கத்தி மழுங்கிவிட்டாலோ, உணவை வேகமாகத் தள்ளினாலோ இந்தப் பயன் குறைந்து உணவு கிழியத் தொடங்கும்.

கருவியின் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

* வட்டக் கத்தி - பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. பல கத்திகளின் முகம் சற்றுக் குழிவாக இருக்கும். இதனால் விளிம்பு மட்டுமே உணவைத் தொடும். உராய்வும் ஒட்டலும் குறையும்.
* அளவுத் தகடு - கத்திக்கு இணையாக நிற்கும் தகடு. இதற்கும் கத்தியின் தளத்திற்கும் உள்ள இடைவெளியே சீவலின் தடிமன். திருகு ஒன்றைத் திருப்பி இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ இயலும்.
* நகர்தட்டு - உணவு வைக்கப்படும் தட்டு. இது கத்தியைக் கடந்து முன்னும் பின்னும் நகரும்.
* விரற்காப்புப் பிடி - உணவின் பின்புறத்தை அழுத்திப் பிடிக்கும் உறுப்பு. கை விரல்கள் இதற்குப் பின்னாலேயே இருக்கும்.
* மின்னோடியும் பல்லிணைகளும் - வீட்டுச் சீவிகளில் வேகமாகச் சுழலும் சிறு மின்னோடியின் வேகத்தைப் பல்லிணைகள் குறைத்துக் கத்திக்குக் கொடுக்கின்றன.
* நிலைமின்மாற்றி - பல கருவிகளில் அழுத்தியிருக்கும் வரை மட்டும் இயங்கும் நிலை, தொடர்ந்து இயங்கும் நிலை என இரு நிலைகள் உண்டு.

வகைகள்

உணவுச் சீவிகளை மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

மடக்குச் சீவிகள் மிகச் சிறியவை. பயன்பாட்டிற்குப் பின் தட்டையாக மடித்து இழுப்பறையிலோ அலமாரியிலோ வைக்கலாம். இடம் குறைந்த சமையலறைக்குப் பொருத்தமானவை. மடங்கும் மூட்டுகளில் காலப்போக்கில் தளர்வு ஏற்படுவது இவற்றின் குறை.

மேசைச் சீவிகள் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் வகை. கத்தியின் விட்டம் பெரும்பாலும் 17 முதல் 19 சென்டிமீட்டர் வரை இருக்கும். மின்திறன் ஏறத்தாழ 65 முதல் 200 வாட்டு வரை வேறுபடும். உடல் நெகிழியாலோ வார்ப்பு அலுமினியத்தாலோ ஆனது.

வணிகச் சீவிகளில் கத்தியின் விட்டம் பொதுவாக 23 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்கும். இவை நீண்ட நேரம் தொடர்ந்து இயங்கக்கூடியவை. கத்தியைத் தீட்டும் கற்கள் பலவற்றில் கருவியோடு இணைந்தே வரும். எடையும் விலையும் மிகுதியாதலால் இவை வீட்டிற்குப் பொருந்துவதில்லை. 2020களில் ஐக்கிய அமெரிக்காவில் பல வீட்டுச் சீவிகள் 100 அமெரிக்க டாலரை ஒட்டிய விலையில் விற்கப்படுகின்றன. வணிகச் சீவிகளின் விலை பல நூறு முதல் சில ஆயிரம் டாலர் வரை செல்லும்.

வீட்டுப் பயன்பாட்டிற்குத் தெரிவு செய்தல்

எதனைச் சீவுவது

ஒரு வீட்டில் எந்த உணவு மிகுதியாகச் சீவப்படுகின்றது என்பதைப் பொறுத்தே தெரிவு அமைய வேண்டும். ரொட்டிக்குப் பல்விளிம்புக் கத்தி ஏற்றது. கெட்டியான மேலோட்டைப் பற்கள் பற்றி அறுக்கும். மழுமழுப்பான கத்தி அதன் மேல் வழுக்கிவிடும். பன்றித் தொடை இறைச்சி, வேகவைத்துக் குளிரூட்டிய இறைச்சி ஆகியவற்றிலிருந்து தாள் போன்ற மெல்லிய சீவல் பெறுவதற்கு மழுவிளிம்புக் கத்தி சிறந்தது. பல்விளிம்பு இவற்றின் பரப்பைக் கிழிக்கும். பல மலிவான கருவிகள் பல்விளிம்புக் கத்தியோடு மட்டுமே வருகின்றன. இரு கத்திகளும் மாற்றிப் பொருத்தக் கிடைக்கும் கருவி, சற்று விலை கூடினும், இரு வேலைகளையும் செய்யும்.

கத்தியின் விட்டம்

விளம்பரங்களில் கத்தியின் விட்டம் முதன்மையாகக் குறிப்பிடப்படும். ஆனால் அறுக்கக்கூடிய உணவின் உயரம் விட்டத்தைவிடக் குறைவு. கத்தியின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் மறைந்திருப்பதால், பொதுவாக விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோ உள்ள உணவையே முழுதாக அறுக்க முடியும். 17 சென்டிமீட்டர் கத்தியுள்ள கருவியில் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ரொட்டியை நிறுத்தி வைத்துச் சீவ இயலாது. அதனைப் பாதியாக வெட்டியோ திருப்பியோ வைக்க வேண்டும். ஆகவே வாங்குமுன், வழக்கமாக வாங்கும் ரொட்டியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, கருவியின் கையேட்டில் உள்ள அறுப்பு உயரத்தோடு ஒப்பிடுதல் நன்று.

மின்திறனும் இயக்க நேரமும்

வாட்டு எண் பெரிதாக இருப்பதாலேயே ஒரு சீவி சிறந்தது ஆகிவிடாது. வாட்டு என்பது கருவி மின்சாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் திறனின் அளவு; கத்தியை வந்தடையும் திறன் மின்னோடியின் தன்மையையும் பல்லிணைகளையும் பொறுத்தது. கூர்மையான கத்தியுள்ள 65 வாட்டுச் சீவி, மழுங்கிய கத்தியுள்ள 200 வாட்டுச் சீவியைவிட நன்கு அறுக்கும்.

இதைவிட முக்கியமானது தொடர்ந்து இயக்கக்கூடிய நேரம். பெரும்பாலான வீட்டுச் சீவிகள் குறுங்கால இயக்கத்திற்கென வடிவமைக்கப்பட்டவை. சில நிமிடங்கள் இயங்கிய பின் மின்னோடி ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். 5 நிமிடம் போன்ற இந்த வரம்பு கருவியின் அடிப்பகுதியிலுள்ள விவரத் தகட்டிலோ கையேட்டிலோ தரப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்தின் காலை உணவுக்கு இது போதும். விழாவிற்காகப் பல கிலோகிராம் கிழங்கை ஒரே மூச்சில் சீவ முற்பட்டால் மின்னோடியின் சுருள்கள் சூடேறிக் கருகக்கூடும்.

மின்சாரச் செலவு தெரிவில் பெரிய காரணி அன்று. 150 வாட்டுச் சீவியை 10 நிமிடம் இயக்கினால் செலவாகும் மின்சாரம் 0.025 அலகு மட்டுமே.

அளவுத் தகட்டின் உறுதி

மலிவான சீவிகளுக்கும் நல்ல சீவிகளுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த உறுப்பிலேயே தென்படும். தகடு மெல்லிய நெகிழியால் ஆகியிருந்தால், உணவை அழுத்தும்போது அது பின்வாங்கும். அப்பொழுது சீவல் ஒரு முனையில் மெல்லியதாகவும் மறு முனையில் தடித்ததாகவும் வரும். கடையில் மின்னிணைப்பு இல்லாத காட்சிக் கருவியின் தகட்டைக் கத்தியிலிருந்து விலகிய பகுதியில் விரலால் அழுத்திப் பார்த்தால், அது வளைகின்றதா என்பது தெரிந்துவிடும். உலோகத் தகடு இவ்வகையில் சிறந்தது. தடிமன் திருகில் உள்ள எண்கள் பல கருவிகளில் மில்லிமீட்டரைக் குறிப்பதில்லை. அவை வரிசை எண்களே. வீட்டுச் சீவிகளில் மிகுதியான தடிமன் பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

நிலைப்பு

கருவி மேசையில் நகராமல் நிற்பது பாதுகாப்பிற்கு இன்றியமையாதது. எடை குறைந்த நெகிழிக் கருவிகள் உறிஞ்சுகால்களால் மேசையைப் பற்றுகின்றன. இவை வழுவழுப்பான கல், கண்ணாடி, உலோகப் பரப்புகளில் நன்கு ஒட்டும். சொரசொரப்பான மரப்பலகையில் ஒட்டுவதில்லை.

துப்புரவு வசதி

கத்தி, நகர்தட்டு, விரற்காப்புப் பிடி ஆகிய மூன்றும் கருவியின் துணையின்றிக் கையால் கழற்றக்கூடியனவாக இருத்தல் வேண்டும். கத்தியைக் கழற்ற முடியாத சீவியை இறைச்சிக்குப் பயன்படுத்துவது தவிர்க்கத்தக்கது. அலுமினிய உறுப்புகளைப் பாத்திரம் கழுவும் பொறியில் இட்டால் அவை கறுத்துவிடும். ஆகவே எந்த உறுப்பைப் பொறியில் இடலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உதிரி உறுப்புகள்

வீட்டுச் சீவியில் முதலில் தேய்வன கத்தியும் நெகிழிப் பல்லிணையும் ஆகும். இவை தனியாகக் கிடைக்காத கருவி, ஓர் உறுப்பு பழுதானதும் முழுவதும் வீணாகும். மாற்றுக் கத்தி கிடைக்கின்றதா, அதன் விலை என்ன என்பதைக் கருவியை வாங்குமுன் அறிந்துகொள்வது, விலை மலிவாகத் தோன்றும் கருவி உண்மையில் மலிவானதா என்பதைக் காட்டும்.

மின்னழுத்தம்

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்படும் சீவிகள் 120 வோல்ட்டு, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு ஆனவை. இந்தியா, இலங்கை, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் வழங்கப்படும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ். வட அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியை முனை மாற்றியால் மட்டும் இணைத்து இயக்கினால் மின்னோடி எரிந்துவிடும். முனை மாற்றி இணைப்பின் வடிவத்தை மாற்றுமே அன்றி மின்னழுத்தத்தை மாற்றாது. அதற்குத் தகுந்த திறனுள்ள மின்மாற்றி வேண்டும். அதன் விலையையும் எடையையும் கருதினால் உள்ளூர் மின்னழுத்தத்திற்கான சீவியை வாங்குவதே சிக்கனம்.

சமையலறைப் பொறிகளின் பாதுகாப்பிற்கான பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60335-2-14 என்னும் சீர்தரம் வீட்டு உணவுச் சீவிகளுக்கும் பொருந்தும்.

செலவுக் கணக்கு

சீவிய உணவு பொதுவாக முழுக்கட்டியை விட விலை கூடியது. இந்த வேறுபாட்டால் சீவியின் விலை மீளுமா என்பதை எளிதில் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, சீவியின் விலை 100 டாலர் என்றும், சீவிய பாலாடைக்கட்டிக்கும் முழுக்கட்டிக்கும் உள்ள விலை வேறுபாடு கிலோகிராமுக்கு 5 டாலர் என்றும் கொள்வோம். 20 கிலோகிராம் சீவிய பின்னரே கருவியின் விலை மீளும். வாரம் 250 கிராம் உண்ணும் குடும்பத்திற்கு இது 80 வாரங்கள், அதாவது ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வாரம் 1 கிலோகிராம் உண்ணும் குடும்பத்திற்கு 20 வாரங்களே போதும்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. பிடியால் பிடிக்க முடியாத கடைசித் துண்டைச் சீவியால் அறுக்க இயலாது. அது கையால் நறுக்கப்பட்டு வேறு சமையலுக்குப் போகும். முழுக்கட்டியாக வாங்கிய இறைச்சி உரிய நாட்களுக்குள் உண்ணப்படாமல் கெட்டுப்போனால் சேமிப்பு இழப்பாகிவிடும். மறுபுறம், முழு ரொட்டி சீவிய ரொட்டியைவிட மெதுவாகவே உலர்கின்றது. வேண்டும்போது வேண்டிய அளவே சீவுவதால் வீணாவது குறையும். எனவே சீவி எல்லா வீட்டிற்கும் சிக்கனமானது எனக் கூற இயலாது. மாதம் ஓரிரு முறை மட்டும் பயன்படுத்தும் வீட்டிற்கு நல்ல பல்விளிம்பு ரொட்டிக் கத்தியும், விலை குறைந்த கைச்சீவியுமே போதுமானவை.

பாதுகாப்பு

சுழலும் வட்டக் கத்தி விரலைத் தொட்ட கணத்திலேயே ஆழமாக அறுத்துவிடும். ஐக்கிய அமெரிக்காவின் தொழிலாளர் சட்ட விதிகளின்படி, மின்சாரத்தால் இயங்கும் இறைச்சிச் சீவிகளை 18 வயதுக்குட்பட்ட பணியாளர்கள் இயக்குவதும் துப்புரவு செய்வதும் தடை செய்யப்பட்டுள்ளன. இச்சட்டம் பணியிடங்களுக்கு உரியது என்றாலும், அதற்கான காரணம் வீட்டிற்கும் பொருந்தும்.

பின்வருவன பொதுவாக வலியுறுத்தப்படும் முன்னெச்சரிக்கைகள்:

* உணவு எவ்வளவு பெரிதாக இருப்பினும் விரற்காப்புப் பிடியைப் பயன்படுத்துதல். துண்டு சிறிதாகும்போது பிடியை எடுத்துவிட்டு விரலால் தள்ளுவது காயத்திற்கு வழிவகுக்கும்.
* சீவிய துண்டுகளைக் கத்தியின் பின்புறத்திலிருந்து நேரடியாகக் கையால் பிடிக்காமல், தட்டொன்றில் விழச் செய்தல்.
* பயன்பாடு முடிந்ததும் அளவுத் தகட்டைச் சுழிய நிலைக்குக் கொண்டுவருதல். இந்நிலையில் தகடு கத்தியின் விளிம்பை மறைத்து நிற்கும்.
* கத்தியைத் தொடுமுன் மின்முனையைப் பிடுங்கிவிடுதல். நிலைமின்மாற்றியை நிறுத்துவது மட்டும் போதாது.
* கத்தி முழுதாக நின்ற பின்னரே உணவையோ துணுக்குகளையோ அகற்றுதல்.
* நீண்ட கழுத்தணி, தொங்கும் கைப்பகுதி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றைக் கருவியிலிருந்து விலக்கி வைத்தல்.

காயங்கள் இயக்கத்தின்போது மட்டுமன்றித் துப்புரவின்போதும் ஏற்படுகின்றன. நின்றிருக்கும் கத்தியைத் துணியால் விளிம்பின் போக்கிலேயே துடைப்பது ஆபத்தானது. நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். கழற்றிய கத்தியைச் சோப்பு நுரை நிறைந்த தொட்டியில் மூழ்கவிட்டால், பிறர் அறியாமல் கையை விட்டுக் காயமுறுவர். துப்புரவின்போது வெட்டு தாங்கும் கையுறை அணிவது நன்று. ஆனால் இக்கையுறைகள் சுழலும் கத்தியிலிருந்து கையைக் காப்பதற்கு ஏற்றவை அல்ல.

குழந்தைகள் உள்ள வீட்டிற்குப் பூட்டுடைய அல்லது இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால் மட்டுமே இயங்கும் கருவி பொருத்தமானது.

உணவு நலம்

சீவியின் கத்திக்குப் பின்புறமும், அளவுத் தகட்டின் ஓரங்களிலும், நகர்தட்டின் தடங்களிலும் உணவுத் துணுக்குகளும் கொழுப்பும் தங்குகின்றன. இவை கண்ணுக்குத் தெரியாத இடங்களாகையால் மேலோட்டமாகத் துடைப்பதால் பயன் இல்லை. லிஸ்டீரியா மோனோசைட்டோசீன்சு என்னும் பாக்டீரியா இவ்வாறான இடங்களில் நிலைகொள்ளக்கூடியது. குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் இது பெருகும். சீவிய இறைச்சியும் பாலாடைக்கட்டியும் மீண்டும் சமைக்கப்படாமல் உண்ணப்படுவதால், சீவியிலிருந்து ஒட்டிய கிருமி அப்படியே உடலுக்குள் செல்கின்றது. கருவுற்ற பெண்கள், முதியோர், நோயெதிர்ப்பு குன்றியோர் ஆகியோருக்கு இந்நோய் உயிராபத்தை விளைவிக்கும். கருவுற்றோரில் கருச்சிதைவும் ஏற்படக்கூடும்.

2008ஆம் ஆண்டில் கனடாவில் பரவிய லிஸ்டீரியா நோயால் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டொரோன்டோ நகரின் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் தயாரான உண்பதற்கு ஆயத்தமான இறைச்சி இதற்குக் காரணமாக அறியப்பட்டது. அங்கிருந்த பெரிய சீவும் பொறிகளின் உட்பகுதியில், வழக்கமான துப்புரவு எட்டாத இடங்களில் கிருமி தங்கியிருந்ததாகக் கருதப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிருவாகம் வெளியிடும் உணவு நெறித்தொகுப்பு, அறை வெப்பநிலையில் பயன்படும் சீவி போன்ற கருவிகளைக் குறைந்தது 4 மணி நேரத்திற்கு ஒரு முறை துப்புரவு செய்ய வேண்டும் என உணவகங்களுக்கும் கடைகளுக்கும் கூறுகின்றது. வீட்டில் ஒவ்வொரு பயன்பாட்டிற்குப் பின்னும் உறுப்புகளைக் கழற்றி, சோப்பும் சுடுநீரும் கொண்டு கழுவி, முழுதாக உலரவிட்டுப் பொருத்துவதே முறை. மின்னோடி உள்ள பகுதியை நீரில் அமிழ்த்தக் கூடாது. ஈரத்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும்.

சீவும் வரிசையும் கருத்திற் கொள்ளத்தக்கது. முதலில் ரொட்டியையும் காய்கறிகளையும், பின்னர் பாலாடைக்கட்டியையும், இறுதியில் இறைச்சியையும் சீவ வேண்டும். பச்சை இறைச்சியைச் சீவிய பின் கழுவாமல் வேறு எதனையும் சீவக் கூடாது. மரக்கறி மட்டும் உண்பவரும் இறைச்சி உண்பவரும் சேர்ந்து வாழும் வீடுகளில் தனித்தனிக் கத்திகளை வைத்துக்கொள்வதுண்டு. அவ்வாறாயினும் நகர்தட்டும் அளவுத் தகடும் பொதுவானவை என்பதால் அவற்றையும் கழுவ வேண்டியது அவசியம்.

பயன்படுத்தும் முறை

சீவப்படும் உணவு குளிர்ந்தும் உறுதியாகவும் இருந்தால் சீவல் ஒழுங்காக வரும். அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரொட்டி பிசுபிசுத்து நொறுங்கும். அது முற்றிலும் ஆறிய பின்னரே சீவப்பட வேண்டும். சப்பானிய சுக்கியாக்கி, கொரிய புல்கோகி போன்ற உணவுகளுக்குத் தேவையான மெல்லிய மாட்டிறைச்சிச் சீவல்களைப் பெற, இறைச்சியை உறைகுளிர்ப்பியில் சிறிது நேரம் வைத்து, மேற்புறம் விறைத்த நிலையில் சீவுவர். முற்றிலும் உறைந்த இறைச்சி பல்லிணைகளை உடைத்துவிடும். தசைநார்கள் ஓடும் திசைக்குக் குறுக்காகச் சீவினால் இறைச்சி மெல்வதற்கு எளிதாக இருக்கும். எலும்பு முழுதாக நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

பழுத்த தக்காளி போன்ற சாறு மிகுந்தவற்றைப் பல்விளிம்புக் கத்தியால் சீவலாம். வெங்காயம் அடுக்கடுக்காகப் பிரிவதால், விரற்காப்புப் பிடியால் இறுக்கமாகப் பிடிக்கப்பட வேண்டும்.

பராமரிப்பு

பல கருவிகளில் கத்தியின் பின்புறம் ஒரு பல்லிணை வளையம் உண்டு. அதில் அவ்வப்போது சிறிதளவு வாசலின் தடவுவது தேய்மானத்தைக் குறைக்கும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் முதலிய சமையல் எண்ணெய்களைப் பூசுவது பொருத்தமன்று. இவை நாளடைவில் பிசினாகி இயக்கத்தைத் தடுக்கும். மழுவிளிம்புக் கத்தியைத் தேர்ந்த சாணைக்காரரிடம் தந்து தீட்டலாம். பல்விளிம்புக் கத்தியைத் தீட்டுவது கடினமாகையால் அதனை மாற்றுவதே வழக்கம். சீவல்கள் ஓரம் கிழிந்து வருவதும், வழக்கத்தைவிட மிகுதியாக அழுத்த வேண்டியிருப்பதும் கத்தி மழுங்கியதன் அறிகுறிகள். மழுங்கிய கத்தி கையை வலிந்து அழுத்தச் செய்வதால், கூர்மையான கத்தியைவிட ஆபத்து மிகுந்தது.

மாற்றுக் கருவிகள்

* ரொட்டிக் கத்தி - மலிவானது, இடம் கொள்ளாதது. சீரான தடிமன் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.
* கைச்சீவி - சாய்வான பலகையில் பொருத்திய கத்தியின் மீது காய்கறியைத் தேய்த்துச் சீவும் கருவி. ஐரோப்பாவில் மாண்டலின் எனப்படும். கிழங்கு, வெள்ளரி, கோசு ஆகியவற்றிற்கு ஏற்றது; ரொட்டிக்கும் இறைச்சிக்கும் உதவாது. இதிலும் விரற்காப்பு இன்றியமையாதது.
* உணவு பதப்படுத்தி - கிண்ணத்தின் மேல் சுழலும் சீவுதட்டு உடையது. பிரான்சு நாட்டில் உணவகங்களுக்காக உருவான இக்கருவி, 1973இல் குயிசினார்ட் என்னும் பெயரில் ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுக் கருவியாக அறிமுகமானது. மிகுதியான காய்கறியை விரைவில் சீவும். உணவு நுழைகுழாயின் அகலத்திற்குள் அடங்க வேண்டும் என்பதால் முழு ரொட்டியைச் சீவ இயலாது.
* கடையில் சீவித் தரப் பெறுதல் - கருவியின் விலையும் துப்புரவு வேலையும் மிஞ்சும். சீவிய இறைச்சியைச் சில நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும்.

தமிழர் சமையலில்

தமிழர் சமையலறையில் காய் நறுக்கும் மரபான கருவி அரிவாள்மனை. இதில் கத்தி அசையாமல் நிற்க, காயே கத்தியை நோக்கி நகர்த்தப்படுகின்றது. உணவை நகர்த்தி அறுத்தல் என்னும் வகையில் உணவுச் சீவியும் இதனை ஒத்தது; ஆனால் சீவியில் கத்தியும் சுழல்கின்றது. வாழைக்காய், உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றின் வறுவலுக்குக் கைச்சீவியே பெரிதும் பயன்படுகின்றது. வறுவல் கடைகளில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் மேல் கைச்சீவியைப் பிடித்து, வாழைக்காய்ச் சீவல்கள் நேரே எண்ணெயில் விழுமாறு சீவுவதைக் காணலாம். மின் சீவியை இவ்வாறு எண்ணெய்க்கு மேல் பயன்படுத்த முடியாது. தமிழ்ச் சமையலின் பெரும்பாலான காய்கள் சிறு துண்டுகளாக நறுக்கப்படுவன ஆகையால், மின் உணவுச் சீவியின் தேவை தமிழ்நாட்டு, இலங்கை வீடுகளில் குறைவு. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அன்றாட உணவாகிய ஐரோப்பிய நாடுகளில் வாழும் தமிழர் இல்லங்களுக்கே இக்கருவி கூடுதலாகப் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* அரிவாள்மனை
* சமையலறைக் கருவிகள்
* மின்னோடி
* ரொட்டி
* லிஸ்டீரியா